மீட்டர் பச்சையில் இருந்தபோதே பேரிங் உடைந்தது: மோட்டார் அதிர்வில் நான் எதைக் கவனிக்கவில்லை?

நைட்ஷிஃப்ட் எழுதியது:

வணக்கம். குளிர்விப்பு நீர் பம்ப் இரண்டின் பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே மாதிரி மோட்டார்தான்: 37 கிலோவாட், 4 போல், 50 ஹெர்ட்ஸ். பம்புடன் ரப்பர் கப்ளிங். டிரைவ் பக்கம், அதாவது பம்பை ஓட்டும் முனையில், 6313 பேரிங்.

போன வாரம் இரவு இரண்டு மணி வாக்கில் முதல் மோட்டார் டிரிப் ஆனது. ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. கழற்றியதில் டிரைவ் பக்க பேரிங்கின் கேஜ் (குண்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் கூடு) துண்டு துண்டாக இருந்தது. ரோட்டார் ஸ்டேட்டரில் உரசிக் காயிலும் கருகிவிட்டது.

மோட்டார் போனதைவிட இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. அந்த மோட்டாரை நான் மாதம் தவறாமல் அளந்து வந்தேன். பேனா மாதிரி இருக்கும் கையடக்க அதிர்வு மீட்டர், டிரைவ் பக்க பேரிங் மேல், கிடைமட்டத்தில் வைத்து அளப்பேன். கடைசி ஆறு மாதக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது: 1.9, 1.9, 2.0, 1.9, 2.1, 2.3 மிமீ/வி. மெஷின் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 10816-3 (2022 முதல் 20816-3) அட்டவணைப்படி 15 முதல் 300 கிலோவாட் வரையிலான மெஷினுக்கு, அடித்தளம் உறுதியாக இருந்தால், 2.8 வரை காலம் முழுவதும் ஓட்டலாம். 4.5-ஐத் தாண்டினால்தான் உடனே நிறுத்த வேண்டும். நான் 2.3 என்று எழுதிய 19-ஆம் நாள் பேரிங் உடைந்தது.

மீட்டர் பழுதா? அட்டவணையை நான் தவறாகப் புரிந்துகொண்டேனா? இரண்டாவது மோட்டார் இன்று 2.2 காட்டுகிறது. அதை நம்பி ஓட்டலாமா? ஏடிஎக்ஸ்எல்345 முடுக்க சென்சார் ஒன்றைச் சிறு கன்ட்ரோலர் போர்டில் இணைத்து, எந்நேரமும் அளந்துகொண்டே இருக்கும்படி செய்யலாம் என்றும் யோசிக்கிறேன். அது உதவுமா?

---

எட்டுமணி எழுதியது:

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். அதன் பின்பக்கம் பாருங்கள், 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையும் அதே அலைவெண் எல்லையைத்தான் பேசுகிறது. பேரிங்கின் ஆரம்பக் கோளாறு அதற்கு மேலே இருக்கும்.

பெரும்பாலான பேனா மீட்டர்களில் முடுக்கம் அளக்கவும் ஒரு பட்டன் உண்டு, ஜி அல்லது மீ/வி² என்று காட்டும். இரண்டாவது மோட்டாரில் இன்றே அதை வைத்து, இரு முனையிலும் அளந்து எழுதுங்கள். முடிந்தால் பழைய முறைப்படி ஸ்டெதஸ்கோப் வைத்தும் கேளுங்கள்.

---

அலைநீளம் எழுதியது:

தம்பி, உங்கள் அளவில் தவறு இல்லை. நோட்டுப் போட்டு மாதாமாதம் எழுதுபவர்கள் குறைவு. அந்த எண்ணிடம் அதற்குத் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், நடந்தது அதுதான். பதினாறு வருடமாக அதிர்வு அளப்பதுதான் என் வேலை. நீங்கள் எழுதிய கதையை வெவ்வேறு ஆலைகளில் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிமீ/வி என்ற மொத்த எண்ணில் பெரும் பங்கு ஷாஃப்ட் சுற்றும் வேகத்துக்கும் அதன் இரண்டு மூன்று மடங்குகளுக்கும் உரியது. உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 1475 சுற்று என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 24.6. பேலன்ஸ் கெட்டால் அந்த 24.6 ஹெர்ட்ஸ் வளரும். அலைன்மென்ட் போனால் அதனுடன் 49.2-ம் வளரும், ஷாஃப்டின் நீளவாக்கில் அளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்தால் ஸ்பெக்ட்ரத்தில், அதாவது அதிர்வை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில், மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று வரிசையாகக் கோடுகள் எழும். இந்தக் கோளாறுகளை எல்லாம் உங்கள் மீட்டர் பிடித்துவிடும். அட்டவணையும் இவற்றுக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

பேரிங் அப்படி இல்லை. வெளி வளையத்தில் ஊசிமுனை அளவு குழி விழுந்தது என்று வையுங்கள். ஒவ்வொரு குண்டும் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒரு சின்னத் தட்டு விழும். தட்டு விழுந்ததும் பேரிங் ஹவுசிங் தன் சுருதியில் ஒலிக்கும். பெரும்பாலும் அது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, சில ஆயிரங்களில் இருக்கும். உங்கள் மீட்டர் 1000-உடன் காதை மூடிக்கொள்கிறது.

சரி, மூடாமல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 ஹெர்ட்ஸில் 1 ஜி முடுக்கம் என்பது பேரிங்குக்கு மோசமான அடி. அதை வேகமாக மாற்றினால் 0.78 மிமீ/வி-தான். மொத்த எண்ணில் இவற்றை நேராகக் கூட்டுவதில்லை, வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். 1.9-உடன் இந்த 0.78 சேர்ந்தால் வருவது 2.05. நோட்டில் 1.9-க்குக் கீழே 2.05 என்று இருந்தால் யார் பயப்படுவார்கள்? அதனால்தான் பேரிங்குக்கு முடுக்கத்தைப் பார்க்கிறோம். அதே 1 ஜி, முடுக்கத்தின் கணக்கில் மலை மாதிரி நிற்கும், ஏனென்றால் 24.6 ஹெர்ட்ஸில் உள்ள 1.9 மிமீ/வி அங்கே வெறும் 0.03 ஜி-தான்.

பேரிங் கோளாறு இந்த மொத்த எண்ணைத் தூக்கும் நேரம் வரும்போது, கேஜ் தளர்ந்து, இடைவெளி கூடி, ஷாஃப்டே ஆடத் தொடங்கியிருக்கும். உங்கள் 2.1-ம் 2.3-ம் அந்தக் கட்டத்தின் தொடக்கமாக இருந்திருக்கலாம். அட்டவணையைப் பார்க்காமல், 1.9 ஏன் நகர்ந்தது என்று கேட்டிருந்தால் அந்த ஏற்றமே ஒரு தகவல். அட்டவணை எல்லா மெஷினுக்கும் பொது. உங்கள் மோட்டாருக்கு அதன் பழைய அளவுதான் அட்டவணை.

அடுத்து என்வலப். மணியை யார் அடித்தாலும் அது தன் சுருதியில்தான் ஒலிக்கும். எத்தனை முறை அடித்தார்கள் என்பது வேறு கணக்கு. என்வலப் முறை மணியின் சுருதியை ஒதுக்கிவிட்டு அடிகளை மட்டும் எண்ணுகிறது. உங்கள் 6313-இல் வழக்கமாக 8 குண்டுகள். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் வெளி வளையக் குழி சுமார் 3.07 அடி வாங்கும், உள் வளையக் குழி சுமார் 4.93. இரண்டையும் கூட்டினால் 8, அதாவது குண்டு எண்ணிக்கை. பேரிங் எண் தெரியாத இடத்தில் குண்டு எண்ணிக்கையை 0.4 ஆலும் 0.6 ஆலும் பெருக்கி நான் தோராயமாகத் தேடுவேன். இந்த எண்கள் சுற்று வேகத்தின் முழு மடங்காக வருவதில்லை, அது பெரிய உதவி. 24.6 ஹெர்ட்ஸில் வெளி வளையத்துக்கு 75.5, உள் வளையத்துக்கு 121. என்வலப் ஸ்பெக்ட்ரத்தில் 75.5, 151, 226.5 என்று கோடுகள் நின்றால் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

சப்ளையின் 50 ஹெர்ட்ஸுக்கு இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கோடு இருந்தால் மின்பக்கக் காரணம் இருக்கலாம்: ஸ்டேட்டர் தளர்வு, காற்று இடைவெளி ஒருபக்கம் குறைவது, அல்லது மோட்டாரின் ஒரு கால் தரையில் சரியாக உட்காமல் போல்ட் இறுக்கியதில் சட்டமே முறுக்கிக்கொள்வது. அளந்துகொண்டிருக்கும்போதே சப்ளையை நிறுத்துங்கள். அந்தக் கோடு அந்த நொடியே மறைந்தால் மின்பக்கம். வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கினால் இயந்திரப்பக்கம்.

இப்போது உங்கள் சென்சார். ஏடிஎக்ஸ்எல்345 வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். அது வினாடிக்கு அதிகபட்சம் 3200 முறை அளக்கும், எனவே 1600 ஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குக் கண் இல்லை. ஐ2சி கம்பியில் இணைத்தால் 800 முறையோடு நின்றுவிடும், எஸ்பிஐ என்ற இன்னொரு இணைப்பில்தான் முழு வேகம் கிடைக்கும். அதன் ஒரு படி சுமார் 0.004 ஜி. உங்கள் மோட்டார் வேகத்தில் 1 மிமீ/வி என்பது 0.016 ஜி, அதாவது நான்கே படி. பேலன்ஸ் கெடுவதையும் போல்ட் தளர்வதையும் அது சொல்லும். பேரிங்கின் முதல் குழியைச் சொல்லாது. அதற்கு 10 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் பீசோ வகை சென்சாரோ, ஏடிஎக்ஸ்எல்1002 போல 11 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் சிப்போ வேண்டும். சிப் என்றால் அளக்கும் போர்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வைக்கும் இடம் சென்சாரைவிட முக்கியம். திருகி வைப்பதே சிறந்தது. தட்டையான, சுத்தமான இரும்பில் காந்தம் என்றால் 2 கிலோஹெர்ட்ஸ் வரை நம்புவேன். கையால் அழுத்திப் பிடிப்பது என்றால் 1 கிலோஹெர்ட்ஸ். ஃபேன் கவர் மேல் வைக்கவே கூடாது, அந்தத் தகடு தன் பாட்டுக்கு ஆடும். ஒருமுறை பெயின்ட் தடித்திருந்த இடத்தில் காந்தத்தை ஒட்டி அளந்தேன். காந்தம் தாளம் போட்டதை பேரிங் சத்தம் என்று எடுத்துக்கொண்டு, நல்ல பேரிங் ஒன்றை மாற்றச் சொல்லிவிட்டேன். கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து, அளக்கும் இடத்தைச் சுரண்டி, வட்டம் போட்டு வைக்காமல் நான் அளப்பதில்லை.

இரண்டாவது மோட்டாரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதாது. வாரம் ஒருமுறை, ஒரே இடம், பம்பில் ஒரே லோடு. அப்புறம் ஒரு கேள்வி: உடைந்த பேரிங் இன்னும் கையில் இருக்கிறதா?

---

செம்புக்கம்பி எழுதியது:

அதே கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன். ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்த காயிலைச் சுற்றி எல்லோரும் நின்று பார்க்கிறார்கள், பேரிங் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. குப்பையில் இருந்தாலும் எடுங்கள். வெளி வளையத்தை கிரைண்டரில் இரண்டாக அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

குண்டு ஓடிய தடம் வெளி வளையத்தில் கீழ்ப்பக்கம் மட்டும், பாதிக்கும் குறைவாக இருந்தால் அது இயல்பான லோடு. தடம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து போனால் அலைன்மென்ட். குண்டுக்குக் குண்டு இடைவெளியில் எட்டுத் தழும்பு இருந்தால், மோட்டார் நின்றிருந்த காலத்தில் பக்கத்து மெஷினின் அதிர்வு அதைக் கொத்தியிருக்கிறது. ஸ்டாண்ட்பை மோட்டார்களில் இது சகஜம், அவ்வப்போது ஷாஃப்டைச் சுற்றி வைக்க வேண்டும். தடத்துக்குக் குறுக்கே, சீப்பால் கோடு போட்ட மாதிரி நெருக்கமான வரிகள் இருந்தால் அது மின்சாரம் செய்த வேலை. குண்டுகள் மினுமினுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும், கிரீஸ் கறுத்திருக்கும்.

மோட்டார் நேராக லைனில் ஓடுகிறதா, வேகம் மாற்றும் டிரைவில் ஓடுகிறதா? நீங்கள் சொல்லவில்லை.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

அண்ணா, டிரைவில்தான். எட்டு மாதம் முன்பு மின்சாரச் சிக்கனத்துக்காக இரண்டு மோட்டாருக்கும் டிரைவ் போட்டார்கள். சாதாரணமாக 42 ஹெர்ட்ஸில் ஓடும். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, மன்னிக்கவும்.

பேரிங் பழைய இரும்புப் பெட்டியில் கிடைத்தது. உள் வளையம் உருகி நீலம் பாய்ந்துவிட்டதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. வெளி வளையத்தின் மேல்பாதியும் நசுங்கியிருந்தது. கீழ்ப்பாதியில் ஓர் இடத்தில், விரல் அகலத்துக்கு, நீங்கள் சொன்ன குறுக்கு வரிகள் இருக்கின்றன. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

---

அலைநீளம் எழுதியது:

அப்படியானால் நான் மேலே தந்த ஹெர்ட்ஸ் கணக்கை எல்லாம் மாற்ற வேண்டும். 42 ஹெர்ட்ஸில் 4 போல் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 1260, உண்மையில் அதற்குச் சற்றுக் கீழே ஓடும். மின்பக்கக் கோடு 100-இல் இருக்காது, 84-இல் இருக்கும். இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏனென்றால் 1240 சுற்றில் உங்கள் பேரிங்கின் உள் வளையக் கோடு 102 ஹெர்ட்ஸில் விழும். அதை 100 என்று படித்து மின்கோளாறு என முடிவு கட்டினால் இன்னொரு மோட்டாரும் போய்விடும். ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் அப்போதைய சுற்று வேகத்தை டாக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்கள்.

காரணம் சுருக்கமாக: டிரைவ் மின்னழுத்தத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மூன்று ஃபேஸையும் கூட்டினால் சுழி வருவதில்லை, மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையிலான காற்று இடைவெளி வழியே, மின்தேக்கியில் ஏறுவதுபோல் ஷாஃப்டில் ஏறும். கிரீஸ் படலம் தாங்கும்வரை தாங்கும், தாங்காதபோது பேரிங்கின் உள்ளேயே பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை உருக்கும். நாளடைவில் குண்டுகள் அந்தக் குழிகள் மேல் குதித்துக் குதித்து வரிகளாக்கிவிடும்.

இரண்டாவது மோட்டாருக்கும் அதே எட்டு மாதம், அதே டிரைவ் வகை. 2.2 என்ற எண்ணை மறந்துவிட்டு, ஸ்பெக்ட்ரம் காட்டும் அனலைசர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கியாவது பாருங்கள். முடுக்க ஸ்பெக்ட்ரத்தில் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை மண்மேடு மாதிரி ஒரு குவியல் இருக்கிறதா, அதைப் பெரிதாக்கினால் சீரான இடைவெளியில் பற்கள் தெரிகின்றனவா என்று தேடுங்கள்.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வேறு பிரிவிலிருந்து அனலைசர் கிடைத்தது. பெயின்ட்டைச் சுரண்டி, வட்டம் போட்டுத்தான் அளந்தேன். வேகம் 1242.

வேகக் கணக்கில் பழைய 2.2-தான். டிரைவ் பக்கம் முடுக்கம் 1.6 ஜி, மறுமுனையில் 0.4. நீங்கள் சொன்ன மண்மேடு 1.6-க்கும் 2.8-க்கும் இடையே அப்படியே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது பற்களுக்கு நடுவே 63.5 ஹெர்ட்ஸ். என்வலப்பிலும் 63.5, 127, 190.5. 20.7-ஐ 3.07-ஆல் பெருக்கிப் பார்த்தபோது கை நடுங்கியது.

மேலதிகாரியிடம் இந்தப் படத்தைத்தான் காட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும், சூடும் இல்லாத மோட்டாரை நிறுத்த முதலில் ஒப்பவில்லை. முதல் மோட்டாரின் நோட்டையும் அறுத்த வளையத்தையும் மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் தந்தார்கள். கழற்றிய பேரிங் கையில் சுற்றும்போது லேசாகக் கரகரத்தது, அவ்வளவுதான். கிரீஸ் கறுப்பு. அறுத்துப் பார்த்தால் வெளி வளையத்தின் கீழ்ப்பாதி முழுக்க வரிகள். புதியது போட்ட பிறகு அதே இடத்தில், அதே வேகத்தில் 2.0 மிமீ/வி, 0.3 ஜி. இந்த 0.3-ஐத்தான் இனி என் அட்டவணையாக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஷாஃப்டில் ஏறும் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் ஷாஃப்ட் எர்த்திங் ரிங் சொல்லியிருக்கிறோம், வர ஐந்து வாரம் ஆகுமாம். அதுவரை என்ன செய்யலாம்? மறுமுனைக்கு இன்சுலேட்டட் பேரிங் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார்.

---

செம்புக்கம்பி எழுதியது:

இந்த அளவு மோட்டாருக்கு அது மட்டும் போதாது. மறுமுனையை மட்டும் அடைத்தால் சுற்றி ஓடும் மின்னோட்டம்தான் நிற்கும், பெரிய மோட்டார்களில் அதுதான் தொல்லை. உங்களுக்கு நடந்திருப்பது ஷாஃப்டில் ஏறி இறங்கும் வகை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் இறங்கும். டிரைவ் பக்கம் ரிங் கட்டாயம் வேண்டும். அதுவரை டிரைவின் கேரியர் அலைவெண்ணை, அதாவது அது மின்னழுத்தத்தை வெட்டும் வேகத்தை, குறையுங்கள். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், ஆனால் பொறிகளின் எண்ணிக்கை குறையும். மோட்டார் கேபிளின் ஷீல்டு இரு முனையிலும் சுற்றிலும் முழுதாகப் பிடித்திருக்கிறதா, மோட்டார் சட்டத்திலிருந்து டிரைவுக்கு எர்த் நேராகப் போகிறதா என்றும் பாருங்கள்.

---

அலைநீளம் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் கப்ளிங் என்றாலும் சில வகைகளில் உலோகம் உலோகத்தைத் தொடும். மல்டிமீட்டரில் மோட்டார் ஷாஃப்டுக்கும் பம்ப் ஷாஃப்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரீடிங் பம்பைச் சுற்றிக்கொண்டும் வரலாம், அதனால் கப்ளிங்கைக் கழற்றி அதன் இரு பாதிகளுக்கு நடுவே அளப்பது நல்லது. தொடர்பு இருந்தால் ஷாஃப்டில் ஏறியது பம்பின் பேரிங் வழியாகவும் இறங்கியிருக்கும். அங்கே இதுவரை அளந்தீர்களா?

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

இல்லை அக்கா, மோட்டாரில் மட்டும்தான் அளந்தேன். அனலைசரை வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். நாளை இரவே இரண்டு பம்பிலும் வட்டம் போட்டு அளந்து, எண்களை இங்கே போடுகிறேன். பம்ப் பேரிங் 6311 என்று தகட்டில் இருக்கிறது.